எழுதிய எழுத்தும் எஞ்சிய எழுத்தும்

யூதர்களின் ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படும் தோரா சுருளில் 3,04,805 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று விடுபட்டாலும், ஒன்று கூடிவிட்டாலும், ஒன்று வடிவம் கெட்டு வேறொன்றாகத் தோன்றினாலும், திருத்தப்படும் வரை அந்தச் சுருள் பொது வாசிப்புக்குச் செல்லாது என்பது விதி. இதை வியப்புச் செய்தியாகப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். என்னை நெடுநாளாகப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கண்டிப்பைவிட அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி. கையால் இழுத்த கோடு எந்தக் கணத்தில் எழுத்தாகிறது, எந்தக் கணத்தில் அந்தத் தகுதியை இழக்கிறது என்று ஒரு சமூகம் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடி, அந்த வாதங்களைச் சட்டமாகவும் எழுதி வைத்திருக்கிறது. எழுத்துருக்களிலும் பழைய கையெழுத்துப் படிகளிலும் ஈடுபாடு உள்ள எனக்கு, இந்தச் சட்டத்தைப் படிக்கப் படிக்க, எழுத்தைப் பற்றி நான் எண்ணிப் பார்த்திராத வினாக்கள் எழுந்துகொண்டே இருக்கின்றன.

சட்டம் முதன்மையாக மூன்று பொருள்களைப் பற்றியது. ஒன்று, மோசேயின் ஐந்து ஆகமங்களும் அடங்கிய தோரா சுருள். மற்றொன்று தெஃபிலின், காலை வேண்டுதலின்போது கையிலும் நெற்றிக்கு மேலும் கட்டிக்கொள்ளும் தோல் பெட்டிகளுக்குள் வைக்கப்படும் வசனச் சுருள்கள். மூன்றாவது, கதவு நிலையில் பொருத்தப்படும் வசனத் தாளான மெசூசா. இம்மூன்றையும் எழுதுபவரைச் சோஃபெர் என்பார்கள். மெசூசாவில் 713 எழுத்துகள், வழக்கமாக 22 வரிகளில். கை, தலை ஆகிய இரண்டு தெஃபிலினுக்கும் சேர்த்து 3,188 எழுத்துகள். உண்ணத் தகுந்த விலங்கின் தோலைப் பதப்படுத்திச் செய்த தாளில், மையில்லாமல் கீறிய கோடுகளுக்கு அடியில் தொங்குமாறு எழுத்துகளை எழுத வேண்டும். எழுதுகோல் பெரும்பாலும் வாத்து அல்லது வான்கோழியின் இறகு. கீழை நாட்டு யூதர்களிடம் நாணல் பேனா வழக்கம் உண்டு. மை கறுப்பாக இருக்க வேண்டும். மாசிக்காய், கருவேலம் பிசின், இரும்புச் சல்பேட் ஆகியவற்றைக் கலந்து காய்ச்சுவது பரவலான முறை. எழுதத் தொடங்கும் முன் எந்தப் புனித நோக்கத்துக்காக எழுதுகிறார் என்பதைச் சோஃபெர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இறைவனின் பெயர் வரும் ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பெயரின் புனிதத்துக்காக எழுதுவதாகத் தனியே உறுதி கொள்ள வேண்டும். இந்த உறுதி இல்லாமல் எழுதிய எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது.

விதிகளின் வேர், யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தால்மூதில், சிறப்பாக மெனாகோத் என்னும் பகுதியின் 29ஆம் ஏட்டில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடெஸ், தோரா சுருளைச் செல்லாததாக்கும் குறைகள் என்று இருபதைப் பட்டியலிட்டார். 16ஆம் நூற்றாண்டில் சாஃபெத் நகரில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்கான் அரூக் என்னும் சட்டத் தொகுப்பும், அதற்குப் போலந்தின் மோசே இசர்லெஸ் எழுதிச் சேர்த்த குறிப்புகளும் இன்றைய நடைமுறைக்கு அடித்தளம். பிறகு ஹங்கேரியில் ஷ்லோமோ கன்ஸ்ஃபிரீட் 1835இல் சோஃபெர்களுக்கென்றே கெசெத் ஹசோஃபெர் என்னும் கைநூலை வெளியிட்டார். ஹஃபெத்ஸ் ஹயிம் என்று அறியப்படும் இஸ்ரயேல் மெயிர் ககான், தம் மிஷ்னா பெரூராவில் ஆலெப் முதல் தௌ வரை ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக்குறிப்பு எழுதினார். தமிழ் வேதாகமத்தின் 119ஆம் சங்கீதத்தைப் புரட்டியவர்களுக்கு இந்த எழுத்துப் பெயர்கள் புதியவை அல்ல. எட்டு வசனங்களுக்கு ஒன்றாகத் தலைப்பில் நிற்கும் ஆலெப், பேத், கிமெல் ஆகியவைதாம் இங்கே சட்டத்தின் முன் நிறுத்தப்படுகின்றன.

ஓர் எழுத்தை இந்தச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஆலெப்பை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் சாய்ந்து இறங்கும் ஒரு கோடு; அதன் வலப்புறத் தோளில் மேல்நோக்கி ஒரு யோத்; இடப்புறக் காலடியில் தலைகீழாக இன்னொரு யோத். யோத் என்பது எபிரேய எழுத்துகளிலேயே சிறியது, ஏறத்தாழ ஒரு தடித்த துளி. இரண்டு யோத்களும் நடுக்கோட்டைத் தொட வேண்டும். ஆனால் மெல்லிய காம்பால் மட்டுமே தொட வேண்டும். தொடாமல் மயிரிழை விலகி நின்றால் குறை. முகம் முழுவதுமாக ஒட்டிக்கொண்டு, யோத் என்று தனியே தெரியாமல் போனாலும் குறை. ஹே என்னும் எழுத்தில் நிலைமை நேர் எதிர். அதன் கூரையும் வலக்காலும் சேர்ந்திருக்க, இடக்கால் கூரையிலிருந்து விலகியே நிற்க வேண்டும். அந்தக் கால் மேலே சென்று ஒட்டினால் ஹே செல்லாது. ஒன்றில் ஒட்டாததும் மற்றொன்றில் ஒட்டியதும் பிழையாவதால், சோஃபெரின் கை ஒவ்வோர் எழுத்துக்கும் வேறு வேறு எச்சரிக்கையோடு நகர வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறிய யோத்தைச் சுற்றியே ஒரு பெரிய வாதம் நடந்திருக்கிறது. யோத்தின் முள் ஒன்று குறைந்தாலும் செல்லாது என்று ராவ் என்னும் பண்டைய அறிஞர் கூறியதாகத் தால்மூதில் வருகிறது. எந்த முள்? தால்மூதின் உரையாசிரியரான ராஷியின் விளக்கப்படி அது யோத்தின் வலப்புறக் கால். அவருடைய பேரர் ரப்பேனு தாம் அதை மறுத்து, வலக்கால் இல்லாவிட்டால் அது யோத்தே ஆகாது, அதைச் சொல்லத் தேவையே இல்லை என்றும், குறிப்பிடப்படுவது இடப்புறம் கீழ்நோக்கி இறங்கும் ஊசிமுனை என்றும் வாதிட்டார். பாட்டனும் பேரனும் கருத்து மாறுபட்டதன் விளைவு, இன்றைய சோஃபெர் இரண்டையும் எழுதுகிறார். வெறுங்கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் அந்த இடமுனை இல்லாத யோத் செல்லாது என்றே ககான் முடிவு சொல்கிறார். அதே நேரத்தில், ஷீன், ஆயின், தேத், நூன், ஸயின், கிமெல், த்சாடே ஆகிய ஏழு எழுத்துகளின் தலைமேல் இடும் மூன்று சிறு மகுடக் கோடுகள், பார்ப்பவர் கண்ணை முதலில் கவர்பவை, அவற்றை விட்டுவிட்டால்கூட எழுத்து செல்லாமல் போகாது என்கிறது ஷுல்கான் அரூக். கண்ணில் படும் அளவுக்கும் சட்டத்தில் பெறும் எடைக்கும் தொடர்பில்லை என்பதை இங்கேதான் முதலில் உணர்ந்தேன்.

வடிவத்துக்கு அடுத்தது வெளி. ஒவ்வோர் எழுத்தையும் நான்கு புறமும் எழுதப்படாத தோல் சூழ்ந்திருக்க வேண்டும் என்பதும் ராவின் பெயரில் வரும் விதிதான். பக்கத்து எழுத்தின் நுனி இதைத் தொட்டுவிட்டால், இரண்டும் படிக்கத் தெளிவாக இருந்தாலும் செல்லாது. எழுதும் முன்பே தோலில் நுண்ணிய துளை இருந்து, மை அதன்மேல் தடையின்றிச் சென்று மூடிவிட்டால் அதைத் துளையாகவே கருதுவதில்லை. எழுதிய பிறகு துளை விழுந்தால், அது எழுத்தின் உள்வெளியில் விழுந்ததா, காலில் விழுந்ததா, காலில் என்றால் மிஞ்சிய பகுதி ஒரு சிறிய எழுத்தின் அளவுக்காவது வருமா என்று விசாரணை நீளும்.

இதுவரை சொன்னவற்றை ஒரு தேர்ந்த அச்சுக்கோப்பாளரும் புரிந்துகொள்வார். இனி வருவதுதான் எழுத்துருக்காரர்களை மடக்கும் இடம். எபிரேயத்தில் ஹக் தோகோத் என்று ஒரு தடை உண்டு: எழுத்தை எழுதித்தான் உண்டாக்க வேண்டும், சுற்றியுள்ளதை நீக்கி எழுத்தை எஞ்சச் செய்யக் கூடாது. மணவிலக்கு ஆவணம் பற்றிய கித்தின் பகுதியில் தால்மூத் இதை விவாதிக்கும்போது பொன் நாணயத்தின் எழுத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டுவருகிறது. நாணயத்தில் எழுத்து மேடாக நிற்கிறது. ஆனால் யாரும் அந்த எழுத்தின் மீது கை வைக்கவில்லை, அதைச் சூழ்ந்த இடத்தைத்தான் தாழ்த்தினார்கள். அது எழுதியதாகாது.

இந்தத் தடை தோலின் மீது இறங்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். தாலெத்தும் ரேஷும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும்: மேலே ஒரு கூரை, வலப்புறம் ஒரு கால். தாலெத்தின் வலமேல் மூலை கூர்மையாகப் பின்னால் சற்றே நீண்டிருக்கும். ரேஷின் மூலை வளைந்திருக்கும். ரேஷ் எழுத வேண்டிய இடத்தில் கை தவறித் தாலெத் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கத்தி முனையால் அந்த மூலையைச் சற்றே சுரண்டினால் அழகான ரேஷ் கிடைத்துவிடும். யார் பார்த்தாலும் ரேஷ்தான். ஆனால் அது சட்டப்படி ரேஷ் அன்று, சுரண்டியதால் எஞ்சியது. ஆகவே கூரையையும் காலையும் நீக்கி மறுபடி எழுதியாக வேண்டும். மாறாக, தாலெத் வர வேண்டிய இடத்தில் ரேஷ் விழுந்திருந்தால், தோரா சுருளில் மூலையில் ஒரு சொட்டு மையைச் சேர்த்தால் போதும்; மை சேர்ப்பது எழுதுதல். ஒரே ஜோடி எழுத்துகள், ஒரே அளவு பிழை. ஒரு திசையில் ஒரு நொடி வேலை, மறு திசையில் எழுத்தையே அழிக்கும் வேலை.

மேம் என்னும் எழுத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சொல்லின் நடுவில் வரும் மேமின் இடப்பக்கம் மூக்குப் போல ஒரு கோடு இறங்கும். அதற்கும் அடிக்கோட்டுக்கும் இடையே சிறு திறப்பு இருக்கும். மை பரவி அந்தத் திறப்பு அடைபட்டுப் போவது சோஃபெர்களுக்கு அடிக்கடி நேரும் தொல்லை. ஊசி முனையால் அந்த ஒற்றைப் புள்ளி மையை எடுத்துவிட்டால் திறப்பு திரும்பிவிடும் என்றே நமக்குத் தோன்றும். ஷுல்கான் அரூக் அதை ஏற்பதில்லை. திறப்பைத் திறந்ததால் உருவான மேம், நீக்கலால் உருவான மேம். மூக்கு முழுவதையும் சுரண்டி எடுத்து, மிஞ்சியது வளைந்த நூன் போல் நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு மூக்கை மறுபடி மையால் எழுத வேண்டும். ஹேயின் இடக்கால் கூரையில் ஒட்டிக்கொண்டாலும் இதே கதிதான். ஒட்டிய இடத்தை மட்டும் பிரிக்கக் கூடாது, காலையே எடுத்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். மைத்துளி சிந்தி எழுத்து அடையாளம் தெரியாமல் மறைந்துவிட்டால், அந்தத் துளியைச் செதுக்கி உள்ளே இருந்த எழுத்தை வெளிக்கொணர்வதும் ஏற்கப்படுவதில்லை.

ஆனால் இரண்டு தனி எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், தொட்ட இடத்தைச் சுரண்டிப் பிரித்தால் போதும். இங்கே ஏன் இந்தச் சலுகை? இரு எழுத்துகளுமே முறைப்படி எழுதப்பட்டு முழுமையாக இருந்தன. குறைந்தது வெளி மட்டுமே. சுரண்டியதால் எந்த எழுத்தும் புதிதாகப் பிறக்கவில்லை. இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டவுடன், குழப்பமாகத் தெரிந்த விதிகள் பலவும் தாமாகவே அணிவகுத்துவிடுகின்றன. சட்டம் ஒவ்வோர் இடத்திலும் கேட்பது ஒன்றே: இந்த எழுத்து கடைசியாக எழுத்தானது எந்தச் செயலால்? அந்தச் செயல் மையை இட்டதா, எடுத்ததா? இரண்டு மேம்கள் அருகருகே இருந்து, நுண்ணோக்கியில் வைத்தாலும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், ஒன்று செல்லும், மற்றொன்று செல்லாது என்று சொல்ல முடிகிற சட்டம் இது. எழுத்து என்பது வடிவம் மட்டுமே என்று கருதிப் பழகிய நமக்கு, ஏன் எழுத்துரு வடிவமைப்பு என்னும் கலை முழுவதற்குமே, இது ஏற்கக் கடினமான நிலைப்பாடு. ஆயினும் அதில் ஒரு நேர்மை இருப்பதாகவே நான் கருதுகிறேன். "அவைகளை எழுதுவாயாக" என்னும் உபாகமக் கட்டளை ஒரு செயலைக் கேட்கிறது. முடிவில் தோலின் மேல் எது தெரிகிறது என்பதை மட்டும் கேட்கவில்லை.

தெஃபிலினுக்கும் மெசூசாவுக்கும் இன்னொரு சுமை உண்டு. அவற்றை வரிசை மாறாமல் எழுத வேண்டும். பின்னால் வரும் எழுத்தை எழுதிய பிறகு முன்னால் உள்ளதை எழுதக் கூடாது. தோரா சுருளுக்கு இந்த விதி இல்லை. மேலே சொன்ன மேம், மெசூசாவின் முதல் வரியில் இருந்து, கடைசி வரி முடிந்த பிறகு கண்ணில் பட்டால் என்ன செய்வது? மூக்கைச் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினால் வரிசை மாறிவிடுகிறது. அந்த மேமுக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு அங்கிருந்து மறுபடி எழுதலாமா என்றால், இடையில் இறைவனின் பெயர் வருகிறது. அதை அழிப்பது தடை. வழி எல்லாப் புறமும் அடைபட்டுவிடுகிறது. மற்ற 712 எழுத்துகளும் குறையற்றவையாக இருந்தும், அந்த மெசூசா இனி எவருடைய கதவுக்கும் போகாது. புனித நூல்களைப் புதைப்பதற்காக ஒதுக்கி வைக்கும் கெனிசாவுக்குத்தான் போகும். அதனால்தான் மெசூசா எழுதுபவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் மை காய்வதற்குள் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டியிருக்கிறது. நீளத்தில் தோரா சுருளே மலைக்க வைப்பது. ஆனால் பிழை பொறுப்பதில் அந்தச் சிறு தாள்தான் கொடியது.

சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இந்தக் கேள்விக்குத் தால்மூத் தரும் விடையே இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ராமி பர் தாம்ரே என்பவருக்கு ஒரு சிக்கல் வந்தது. யாத்திராகமம் 13:15இல், எகிப்தின் தலைப்பிள்ளைகளைக் கர்த்தர் கொன்றார் என்று வரும் வினைச்சொல்லின் முதல் எழுத்தான வாவின் கால், துளை ஒன்றால் அறுபட்டிருந்தது. வாவ் என்பது செங்குத்தான ஒரு கோடு; குறுகிப்போனால் யோத் போல் தோன்றும். யோத்தாகப் படித்தால் கொன்றார் என்பது கொல்லப்படுவார் என்று மாறிவிடும். அதுவும் யாரைப் பற்றிய வசனம் என்று நினைத்துப் பார்த்தால் பிழையின் கனம் தெரியும். ராமி, ரப்பி ஸெயிரா என்னும் அறிஞரிடம் போனார். ரப்பி ஸெயிரா தோலை வாங்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. அறிவாளியும் அல்லாத, மந்தமும் அல்லாத ஒரு சிறுவனை அழைத்துவரச் சொன்னார். அவன் கொன்றார் என்று படித்தால் செல்லும், இல்லையென்றால் செல்லாது.

ஏன் அறிவாளியாக இருக்கக் கூடாது? அறிவாளிக் குழந்தை வசனத்தின் பொருளைக் கொண்டு எழுத்தை ஊகித்துவிடும். மந்தமான குழந்தைக்கோ நல்ல எழுத்தே அடையாளம் தெரியாது. எழுத்துகளை நன்றாக அறிந்த, ஆனால் வாக்கியத்தை இன்னும் புரிந்துகொள்ளாத அந்தக் குறுகிய பருவம்தான் தேவை. சுற்றியுள்ள மற்ற எழுத்துகளை மூடி மறைக்க வேண்டிய தேவையில்லை என்று இசர்லெஸ் குறிப்பதும் இதனால்தான். அவற்றை வைத்து ஊகிக்கும் ஆற்றல் அந்தக் குழந்தைக்கு இல்லை. நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதி, படிப்பவரின் தமிழறிவை நம்பி விட்டுவிடும் வழக்கம் இருந்தது. இங்கே படிப்பவரின் அறிவுதான் விலக்கப்பட வேண்டிய இடையூறு. வேதத்தில் கரைகண்ட ஒரு ரப்பி, எந்தச் சிதைந்த எழுத்தையும் சரியாகவே படித்துவிடுவார் என்பதனாலேயே அவர் இந்த ஒரு வேலைக்குத் தகுதியற்றவராகிவிடுகிறார்.

ஆனால் குழந்தைக்குக் கொடுத்த அதிகாரத்துக்கு எல்லை உண்டு. வடிவம் இன்னும் இருக்கிறதா என்று ஐயம் வரும்போதுதான் அவனை அழைக்க வேண்டும். விதி மீறப்பட்டது கண்ணெதிரே தெரிந்தால் அவன் சொல்லுக்கு மதிப்பில்லை. ஹேயின் கால் கூரையில் ஒட்டியிருப்பதை நாம் பார்க்கிறோம். குழந்தை அதை ஹே என்றே படித்தாலும் அது செல்லாது. ஆலெப்பின் யோத் நடுக்கோட்டைத் தொடாமல் நின்றாலும் அப்படியே. எனினும் இந்த இரண்டாவது நிலையில் குழந்தையின் வாசிப்பு வேறொரு கதவைத் திறக்கிறது. அவன் ஆலெப் என்று அடையாளம் கண்டுகொண்டால், எழுத்தின் வடிவம் முன்பே இருந்தது என்று பொருள். ஆகவே தெஃபிலினிலும் மெசூசாவிலும்கூட, பின்னுள்ளவற்றை எழுதிய பிறகும், விட்டுப்போன இணைப்பை மையால் சேர்க்கலாம், வரிசை மீறியதாகாது. அவன் வாய்மொழி எழுத்தைச் செல்லுபடியாக்குவதில்லை. திருத்துவதற்கு இடம் கொடுக்கிறது. இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை ஒரு சிறுவனின் உச்சரிப்பின் மீது ஏற்றி வைத்தவர்களின் துணிவை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

தாலெத்தையும் ரேஷையும் மாற்றுவது எவ்வளவு பெரிய கேடு என்பதை லேவியராகமத்தின் மித்ராஷ் என்னும் பழைய யூத வேத விளக்க உரை ஓர் இணையால் காட்டுகிறது. "கர்த்தர் ஒருவரே" என்று உபாகமம் 6:4இல் வரும் சொல் தாலெத்தில் முடிகிறது. அதை ரேஷ் ஆக்கினால் கர்த்தர் வேறொருவர் என்றாகும், உலகையே அழித்தவனாவாய் என்கிறது அந்த உரை. "அந்நிய தேவனைப் பணியாதே" என்று யாத்திராகமம் 34:14இல் வரும் சொல்லின் ரேஷைத் தாலெத் ஆக்கினாலும் அதே கேடு. மரபு அந்தத் தாலெத்தையும் இந்த ரேஷையும் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதச் சொல்கிறது. இவ்வளவு பெரிய தத்துவ எச்சரிக்கைக்கு விடையாக எழுத்தின் அளவைக் கூட்டியதில் ஒரு கைவினைஞரின் புத்தி தெரிகிறது.

இத்தனைக்கும் நடுவில், பிழையாகவே எழுதப்பட வேண்டிய ஓர் எழுத்து தோராவில் இருக்கிறது. எண்ணாகமம் 25:12இல் பினெகாசுக்குச் சமாதான உடன்படிக்கை தரப்படுகிறது. அங்கே ஷாலோம் என்னும் சொல்லில் வரும் வாவ் துண்டிக்கப்பட்டது என்று தால்மூதின் கித்துஷின் பகுதி கூறுகிறது. வேறெந்த இடத்திலும் சுருளையே நிறுத்திவைக்கக் கூடிய உடைப்பு இங்கே மரபாக வேண்டப்படுகிறது. ஆனால் வாவ் எப்படியும் வாவாக இருந்தாக வேண்டுமே? எனவே சோஃபெர்கள் வழி தேடினார்கள்: சிலர் மேற்பகுதியை முழு எழுத்தாக நிற்கும் அளவுக்கு நீளமாக எழுதி அதற்குக் கீழே பிளவு விடுகிறார்கள், சிலர் வாவைக் குறுக்கி எழுதுகிறார்கள், வேறு சிலர் மெல்லிய இடைவெளியோடு அமைந்துவிடுகிறார்கள். உடைந்திருக்கவும் வேண்டும், உடையாததாகச் செல்லவும் வேண்டும் என்னும் இந்த முரணுக்கு ஒரே விடை இன்றுவரை அமையவில்லை. அமைய வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்படிப் பல விடைகளுக்கு இடம் கொடுப்பது இந்தச் சட்டத்தில் விதிவிலக்கும் அன்று. நடு, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசிகள் பின்பற்றும் பேத் யோசேப் முறை, யூத பக்தி இயக்கத்தினரான ஹசிதியர்களிடம் பரவலாக உள்ள அரிஸால் முறை, ஸ்பானிய வழி மரபினரான செஃபார்திகளின் வெலிஷ் முறை என எழுத்துமுறைகள் வேறுபடுகின்றன. கேத் என்னும் எழுத்தை அஷ்கெனாசிகள் இரண்டு ஸயின்களை நிறுத்தி, மேலே கூரைமுகடு போன்ற கூம்பால் இணைப்பார்கள். செஃபார்திகள் தட்டையான கூரை இடுவார்கள். அரிஸால் முறையில் த்சாடேயின் யோத் மறுபக்கம் திரும்பி நிற்கும். ஒரு முறையில் எழுதிய சுருளை மற்றோர் முறையினர் தங்களுக்கென எழுதிக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அதைச் செல்லாதது என்று பொதுவாக ஒதுக்குவதும் இல்லை. யோத்தின் ஊசிமுனைக்கு மல்லுக்கட்டிய அதே சட்டம், கேத்தின் கூரை முழுவதையும் பற்றி விட்டுக்கொடுக்கிறது. வடிவத்தின் பெரிய கோடுகளில் மரபுக்கு மரபு இடம் கொடுத்துவிட்டு, எழுத்து எழுத்தாகும் எல்லைக்கோட்டில் மட்டும் கழுத்தைப் பிடிப்பது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இன்று சுருள்களைச் சரிபார்க்கக் கணினி வந்துவிட்டது. ஸ்கேன் செய்த படத்தை மூலபாடத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட எழுத்தையும் மிகையான எழுத்தையும் மாறிய எழுத்தையும் அது சுட்டிக்காட்டுகிறது. மனிதக் கண் தன்னையறியாமல் தாண்டிச் செல்லும் பிழைகளை அது பிடித்துவிடுவதால், தலைமுறைகளாகச் செல்லும் என்று நம்பப்பட்ட சுருள்களிலும் பிழைகள் வெளிவந்திருக்கின்றன. இதில் எனக்கு வியப்பில்லை. வசனத்தை மனப்பாடமாக அறிந்த ஒருவர் சரிபார்க்கும்போது, ரப்பி ஸெயிரா தவிர்க்க நினைத்த அறிவாளிக் குழந்தையாகவே அவர் ஆகிவிடுகிறார். பொருளறியாமல் வடிவத்தை மட்டும் பார்க்கும் கணினி ஒருவகையில் அந்த நடுத்தரச் சிறுவனுக்கு நெருங்கி வருகிறது. ஆயினும் அவனுடைய இடத்தை அதற்குக் கொடுத்துவிடவில்லை. இன்றும் எழுத்தின் வடிவத்தையும் ஒட்டலையும் பிளவையும் கண்ணால் பார்க்கும் சரிபார்ப்பாளர் தேவைப்படுகிறார். ஐயம் வந்தால் இன்றும் ஒரு சிறுவனைத்தான் கூப்பிடுகிறார்கள். திருத்தப்பட்ட மேமின் திறப்பு மையை எடுத்ததால் வந்ததா, மூக்கை மறுபடி எழுதியதால் வந்ததா என்பதைப் படத்தைப் பார்த்து எந்தக் கணினியாலும் சொல்லிவிட முடியாது. அதை அறிந்தவர் எழுதியவர் ஒருவரே. அதனால்தான் சோஃபெர் இறையச்சம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று சட்டநூல்கள் வலியுறுத்துகின்றன; இதை நான் வெறும் பக்திச் சொல்லாக எடுத்துக்கொள்வதில்லை, சரிபார்க்க முடியாத இடத்தில் சட்டம் போட்டுக்கொண்ட ஒரே காப்பு அது.

பெரிதாக்கிக் காட்டும் திரையோடு இன்னொரு கேள்வியும் வந்தது. பல மடங்கு பெரிதாக்கினால் கிட்டத்தட்ட எந்த எழுத்திலும் ஏதோ ஒரு பிளவையும், எந்த இரண்டு எழுத்துக்கும் இடையே ஏதோ ஒரு மைத்துகளையும் காட்டிவிட முடியும். அந்த அளவைக் கொண்டால் உலகில் ஒரு சுருளும் தேறாது. சட்ட அறிஞர்கள் பெரும்பாலோர் இதில் தயங்கவில்லை: இயல்பான பார்வையுள்ள ஒருவர், வழக்கமான தொலைவில் வைத்து, கருவி இல்லாமல் காண்பதுதான் அளவு. லென்ஸில் மட்டும் தெரியும் பிளவு பிளவாகாது; ஹேயின் காலுக்கும் கூரைக்கும் இடையே லென்ஸில் மட்டும் தெரியும் வெளி, அதே காரணத்தால், வெளியாகவும் ஆகாது.